பூவா, தலையா?

பிள்ளைகள் விளையாடத் தொடங்கும்போது ஒரு காசைச் சுண்டுவார்கள். "பூவா, தலையா?" என்று கேட்பார்கள். யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்ய அது நல்ல வழி. இதில் யாருக்கும் வருத்தம் வராது.

ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு, யார் ஜெயித்தார்கள் என்று முடிவு செய்யக் காசைச் சுண்டலாமா?

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி இந்தக் கேள்வி எழுந்தது. இடம், வங்கதேசத்தின் தலைநகரான டாக்கா. இந்தியப் பெண்களும் வங்கதேசப் பெண்களும் கால்பந்து ஆடினார்கள். அன்று என்ன நடந்தது? வாருங்கள், பார்ப்போம்.

பக்கத்து நாடுகளின் போட்டி

இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான். இந்த ஏழு நாடுகளும் ஒரு கால்பந்து அமைப்பில் உறுப்பினர்கள். அதன் பெயர் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு. சுருக்கமாக 'சாஃப்' என்பார்கள். இது 1997இல் தொடங்கியது.

இந்த அமைப்பு பெரியவர்களுக்குப் போட்டி நடத்துகிறது. வளரும் பிள்ளைகளுக்கும் தனியாகப் போட்டி நடத்துகிறது. பிள்ளைகள் போட்டியால் என்ன பயன்? பக்கத்து நாடு என்பதால் பயணச் செலவு குறைவு. சிறு வயதிலேயே வெளிநாட்டு அணியோடு மோதிப் பழகலாம். நன்றாக ஆடுகிறவர்கள் நாளை நாட்டின் பெரிய அணிக்குப் போகலாம்.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பலர் சின்னக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். இந்திய அணியில் மணிப்பூர், ஜார்க்கண்ட் மாநிலப் பெண்கள் பலர் உண்டு. வங்கதேசத்தில் கல்சிந்தூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. நமது மேகாலயா எல்லைக்குப் பக்கத்தில் உள்ளது. அந்த ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்த பெண்கள் கால்பந்து ஆடத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் நாட்டின் அணிக்கே போய்விட்டார்கள். அந்தப் பெண்கள் ஜெயித்த பிறகுதான் ஊருக்கு மின்சாரமே வந்தது.

வயதுக்கு என்ன சான்று?

பிள்ளைகள் போட்டியில் முதல் விதி வயது. 2024இல் டாக்காவில் நடந்தது 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான போட்டி. பதினேழு வயதுப் பெண்ணை இருபத்து நான்கு வயதுப் பெண்ணோடு மோதவிட்டால் அது நியாயமா? அதனால்தான் இந்த வரம்பு.

வயதை வாயால் சொன்னால் போதாது. பிறந்த தேதிக்கு எழுத்தில் சான்று வேண்டும். நம் நாட்டில் குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். பள்ளியில் சேரவும் அது வேண்டும். விளையாட்டில் சேரவும் அது வேண்டும். திறமை இருந்தும் சான்று இல்லாவிட்டால் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

அன்று நடந்த ஆட்டம்

டாக்கா போட்டியில் நான்கு அணிகள் வந்தன. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்று அணிகளோடும் ஆடியது. இந்தியா பூடானை 10-0 என்று வென்றது. நேபாளத்தை 4-0 என்று வென்றது. வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. முதல் இரண்டு இடங்களைப் பிடித்த வங்கதேசமும் இந்தியாவும் இறுதி ஆட்டத்தில் மீண்டும் சந்தித்தன.

எட்டாவது நிமிடத்தில் இந்தியாவின் சிபானி தேவி கோல் போட்டார். அதன் பிறகு நெடுநேரம் கோல் விழவில்லை. 90 நிமிடமும் முடிந்தது. நின்றுபோன நேரத்துக்காக நடுவர் சில நிமிடங்கள் கூட்டிக் கொடுத்தார். அந்தக் கடைசி நிமிடங்களில் வங்கதேசத்தின் சாகரிகா கோல் போட்டார். 1-1. சமம்.

இனி யார் வென்றது என்று எப்படி முடிவு செய்வது? பெனால்டி உதைதான் வழி.

பெனால்டி உதையின் விதி

கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி இருக்கும். பந்தை அங்கே வைப்பார்கள். உதைப்பவர் ஒருவர். தடுப்பவர் ஒருவர். இரண்டு அணிகளும் மாறி மாறி உதைக்கும். ஓர் அணிக்கு ஐந்து உதைகள். அதிக கோல் போட்ட அணி வெற்றி பெறும்.

ஐந்து உதைக்குப் பிறகும் சமமாக இருந்தால்? அப்போது ஒவ்வொரு சுற்றாகப் பார்ப்பார்கள். ஒரு சுற்றில் ஒருவர் கோல் போட்டு, மற்றவர் தவறவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். பதினொரு பேரும் உதைத்து முடிக்கும் வரை யாரும் இரண்டாவது முறை உதைக்கக் கூடாது. கோல் கீப்பரும் உதைத்தே ஆக வேண்டும்.

டாக்காவில் பதினொரு பேரும் உதைத்தார்கள். கோல் கீப்பர்களும் உதைத்தார்கள். 22 உதைகள். 22 கோல்கள். யாருமே தவறவிடவில்லை. 11-11. மறுபடியும் சமம்!

இப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனால் இதற்கும் விதி உண்டு. எல்லாரும் உதைத்து முடித்தால் மறுபடியும் உதைக்கத் தொடங்க வேண்டும். ஒரு முடிவு வரும் வரை உதைக்க வேண்டும். இத்தனை சுற்றுதான் என்று எல்லை கிடையாது.

சுண்டிய காசு

அங்கேதான் தவறு நடந்தது. போட்டி ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரி இருப்பார். அவரை மேட்ச் கமிஷனர் என்பார்கள். காசைச் சுண்டி வெற்றியை முடிவு செய்யலாம் என்று அவர் சொன்னார். இரு அணித் தலைவிகளும் வந்தார்கள். காசு சுண்டப்பட்டது. இந்தியாவுக்குச் சாதகமாக விழுந்தது.

இந்தியப் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். வங்கதேசப் பெண்கள் திகைத்து நின்றார்கள். ஆனால் அவர்கள் மைதானத்தை விட்டுப் போகவில்லை. "இதற்கு விதி எங்கே இருக்கிறது?" என்று அந்த அணியினர் கேட்டார்கள்.

விதியைப் பார்த்தார்கள். காசைச் சுண்டி வெற்றியை முடிவு செய்யலாம் என்று அதில் இல்லை. கமிஷனர் தன் முடிவைத் திரும்பப் பெற்றார். மீண்டும் உதைக்க வாருங்கள் என்று இந்திய அணியை அழைத்தார்கள். ஒருமுறை வென்றதாக அறிவித்துவிட்டு மறுபடியும் ஆடச் சொன்னால் எப்படி என்று இந்திய அணி வரவில்லை. கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்தன. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குழப்பம் நீடித்தது. கடைசியில் இரண்டு நாடுகளும் வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். கோப்பை இருவருக்கும் பொதுவானது.

யார் பக்கம் நியாயம்?

நாம் இந்தியர்கள். இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அன்று வங்கதேச அணி கேட்ட கேள்வி சரியான கேள்வி. காசு அவர்கள் பக்கம் விழுந்து, நம் பெண்கள் தோற்றிருந்தால் நாமும் அதைத்தானே கேட்டிருப்போம்? நம் பெண்கள் மீதும் குற்றம் இல்லை. அதிகாரி சொன்னதை அவர்கள் நம்பினார்கள். விதியைப் பார்க்காமல் முடிவு சொன்னதுதான் தவறு. அதனால் இரண்டு பக்கமும் மனம் புண்பட்டது.

கால்பந்தில் முன்பு காசு சுண்டும் வழக்கம் இருந்தது உண்மைதான். 1968இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் ஆடின. யாரும் கோல் போடவில்லை. காசைச் சுண்டினார்கள். இத்தாலி இறுதி ஆட்டத்துக்குப் போனது. பிறகு கோப்பையையும் வென்றது. உழைத்து ஆடிய ஆட்டத்தைக் காசு முடிவு செய்வது சரியில்லை என்று பலருக்கும் தோன்றியது. 1970இல் பெனால்டி உதை விதியில் சேர்ந்தது. இப்போதும் காசு சுண்டுகிறார்கள். எந்த அணி முதலில் உதைப்பது என்பது போன்றவற்றுக்குத்தான்.

ஒரு மாதம் கழித்து

டாக்கா ஆட்டம் முடிந்து ஒரு மாதம் ஆனது. 2024 மார்ச் 10ஆம் தேதி நேபாளத்தில் இன்னோர் இறுதி ஆட்டம். இது 16 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கானது. அங்கேயும் இந்தியாவும் வங்கதேசமும்தான் மோதின. அங்கேயும் 1-1. அங்கேயும் பெனால்டி உதை. இந்த முறை வங்கதேசம் 3-2 என்று வென்றது. காசால் வந்த வெற்றி இல்லை இது. காலால் உதைத்தும் கையால் தடுத்தும் பெற்ற வெற்றி. தோற்ற நம் பெண்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க இடம் இல்லை.

விதி எல்லாருக்கும் பொது. அது எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் படித்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அப்போதுதான் பெரிய அதிகாரி தவறாகச் சொன்னாலும், "எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்க முடியும். மகளிர் குழுவில் கடன் கொடுப்பதானாலும், சங்கத்தில் தேர்தல் நடத்துவதானாலும் இதுதான் முறை. தகராறு வருவதற்கு முன்பே விதியை எழுதி வைப்போம். எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை படித்துக் காட்டுவோம்.

பேசிப் பார்ப்போம்

1. பிள்ளைகள் போட்டியில் வயது வரம்பு ஏன் வேண்டும்?

2. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா? அதில் பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா? எடுத்துப் படித்துப் பாருங்கள்.

3. இரண்டு நாடுகளுக்கும் கோப்பையைப் பொதுவாகக் கொடுத்தது சரியா? நீங்கள் அதிகாரியாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

4. உங்கள் ஊர்ப் பெண்கள் விளையாட இடம் இருக்கிறதா? இல்லை என்றால், யாரிடம் கேட்கலாம்?