திருகாணியைச் சுற்றிச் சீழ்

1965-இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் திருகாணிகளைப் பொருத்தினார் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க். 2006-இல் லார்சன் இறக்கும்வரை அவை உழைத்தன. உலோகத்தில் சொத்தை விழாது, உண்மைதான். ஆனால் அதைத் தாங்கும் எலும்பு கரையலாம். இப்படிச் செயற்கைப் பல்லுக்காகத் திருகாணி, அதாவது பல் இம்ப்ளான்ட், வைத்துக்கொள்ளும் பலருக்கு இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் இழைகள் குறுக்காகப் புதைந்து, கிருமிகள் கீழே இறங்காமல் தடுக்கின்றன. இம்ப்ளான்ட்டைச் சுற்றிய இழைகள் பெரும்பாலும் அதற்கு இணையாகவே ஓடுகின்றன, எதிலும் புதைவதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வும், அது கொண்டுவரும் ரத்தமும் இங்கே கிடையாது.

இங்கே கிருமிகள் சேர்ந்தால் முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும். பிரஷ் பட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் கிருமிப் படலத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். விட்டுவிட்டால் எலும்பு கரையத் தொடங்கும், சிலருக்குச் சீழும் வரும். பெரிதாக வலிக்காததால் பலரும் டாக்டரிடம் போவதில்லை. இம்ப்ளான்ட் மேல் பல்லைப் பொருத்தியதும் எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்: எலும்பு எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட வேறு வழியில்லை.

"ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் ஒட்டிக் கிடப்பதால் மருந்து மட்டும் அவற்றை எட்டி அழிப்பது கடினம். அறுவைசிகிச்சை இல்லாத சுத்திகரிப்புடன் வழக்கமாக ஆன்டிபயாடிக் மாத்திரை தர வேண்டாம் என்கிறது 2023-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி நெறி. ஆக, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எலும்பு பிடித்து வளரட்டும் என்று சொரசொரப்பாக்கிய பரப்பு அது, மரைகள் வேறு. கிருமிக்கும் அதே வசதி. டைட்டானியம் கருவிகள், கிளைசின் அல்லது எரித்ரிட்டால் பொடியைக் காற்றும் நீரும் சேர்த்துப் பீய்ச்சும் கருவி எனப் பலவும் உண்டு. ஈறுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையே ஆழமான பைகள் இருந்தால் ஈறைத் திறந்தாக வேண்டும். குழியாகக் கரைந்த எலும்பில் மாற்று எலும்புத் துகள் நிரப்பலாம்; குழி இல்லாமல் தட்டையாகக் கரைந்திருந்தால், வெளித்தெரியும் மரைகளைச் சீவி வழவழப்பாக்குவார்கள். மின்சாரம் பாய்ச்சி, ஹைட்ரஜன் குமிழிகளால் படலத்தைக் கிளப்பும் புதிய முறையும் வந்திருக்கிறது. இம்ப்ளான்ட்டே ஆட ஆரம்பித்துவிட்டால் கழற்றிவிட வேண்டியதுதான்.

சில நேரம் குற்றம் இம்ப்ளான்ட் மேல் பொருத்திய பல்லில். அதை ஒட்டிய சிமென்ட் ஈறுக்கடியில் வழிந்து தங்கியிருக்கும், அல்லது பிரஷ் நுழையாத அளவுக்குப் பல் புடைத்திருக்கும். சிமென்ட்டை அகற்றி, பல்லின் வடிவத்தையும் திருத்தினால்தான் மற்ற சிகிச்சைகள் நிற்கும்.