தேவையும் சோதனையும்

நல்ல தேர்வு எது? மாணவன் கற்றிருக்க வேண்டியவற்றுள் ஒன்றையும் விட்டுவிடாமலும், ஒன்றையே திரும்பத் திரும்பக் கேளாமலும் அமைவதே நல்ல தேர்வு. இதற்கென்றே ஆசிரியப் பயிற்சியில் ‘புளூபிரிண்ட்’ என்னும் அட்டவணை ஒன்றை வரையக் கற்பிக்கிறார்கள். பாடப் பகுதிகளை ஒருபுறமும், அறிதல், புரிதல், பயன்படுத்தல் முதலிய நோக்கங்களை மறுபுறமும் எழுதி, ஒவ்வொரு வினாவும் எந்தக் கட்டத்தில் அமைகிறது என்று குறிப்போம். வெறுமையாக நிற்கும் கட்டம், நாம் கேட்க மறந்ததைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இம்முறையே இன்று கணிப்பொறித் துறையில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-ஆம் ஆண்டு சோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கிய பின்னர், மென்பொருள் என்னும் சொல் நம் வட்டாரத்து வீடுகளிலும் வழங்கலாயிற்று. “என் மகள் டெஸ்டிங் வேலையில் இருக்கிறாள்” என்று பெருமையுடன் கூறும் பெற்றோர், அது என்ன வேலை என்று கேட்டால் சற்றே விழிக்கின்றனர். அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒரு மென்பொருள் செய்ய வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பது தேவைப் பட்டியல். அத்தேவை நிறைவேறியதா என்று அறிய வகுக்கப்படுவது ‘டெஸ்ட் கேஸ்’. சோதனை நேர்வு எனலாம். அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு: கொடுக்கும் விவரம், செய்யும் செயல், வரவேண்டிய விடை. மூன்றாவதை முன்னரே எழுதிவிட வேண்டும். விடைக்குறிப்பு இல்லாமல் விடைத்தாள் திருத்துபவர், கண்ணுக்கு இசைந்ததையெல்லாம் சரியென்று குறித்துவிடுவார் அன்றோ?

ஓர் எடுத்துக்காட்டு. செங்கோட்டையிலிருந்து சென்னை செல்லும் பொதிகை விரைவு வண்டியில் குழந்தையுடன் படுக்கை வகுப்பில் பயணம் செய்கிறோம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாவிடில் கட்டணம் இல்லை. ஐந்து நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேளாவிடில் அரைக் கட்டணம். தனிப் படுக்கை கேட்டால் எவருக்கும் முழுக் கட்டணம். இது தேவை. இதனைச் சோதிக்க எல்லா வயதையும் இட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 4, 5, 11, 12 ஆகிய நான்கு வயதுகள் போதும். படுக்கை உண்டு, இல்லை என்னும் இரண்டால் பெருக்க, எட்டு நேர்வுகள். வயதை எழுதாது விட்டால் என்ன, எண்ணுக்குப் பதில் எழுத்தை இட்டால் என்ன என்பன போன்ற தவறான உள்ளீடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்த நான்கு வயதுகள்? பிழை பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். ‘ஐந்துக்குக் கீழ்’ என்பதை ‘ஐந்து வரை’ என்று எழுதியவன், எட்டு வயதுக் குழந்தையைக் கொண்டு சோதித்தால் அகப்பட மாட்டான். ஐந்து வயதுக் குழந்தையிடம் அகப்படுவான். செங்கோட்டை மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1956 அக்டோபர் 31 வரை நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. மறுநாள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. ஐயம் எழுவது அத்தகைய எல்லை நாளில்தான்.

நேர்வுகளை எழுதியபின், முன்சொன்ன அட்டவணையை வரைவர். தேவைகள் ஒருபுறம், நேர்வுகள் மறுபுறம். இதனை இரு திசையிலும் படிக்க வேண்டும். நேர்வு இல்லாத தேவை, சோதிக்கப்படாத வாக்குறுதி. தேவை இல்லாத நேர்வு, வீண் உழைப்பு; அல்லது தேவைப் பட்டியலில் எழுத மறந்துபோன ஒன்றின் அறிகுறி. தேவை மாறும்போது எந்த நேர்வுகளைத் திருத்த வேண்டும் என்பதையும் இவ்வட்டவணையே காட்டும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்டப் பெயர் கேட்கும் ஒவ்வொரு படிவத்தின் நேர்வுகளும் அன்று திருத்தப்பட வேண்டியவை ஆயின.

கட்டம் வெறுமையாக இருந்தால் நேரும் இழப்பு சிறிதன்று. 1996 ஜூன் 4-ஆம் நாள், ஐரோப்பியர் ஏவிய ஏரியன் 5 ராக்கெட், புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அதன் திசையறி கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன் 4-இலிருந்து எடுக்கப்பட்டது. புதிய ராக்கெட்டின் வேகம் மிகுதி. அதனால் ஓர் எண், தனக்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருளே இருந்ததால் அதுவும் உடன் நின்றது. ஏரியன் 5-இன் பறக்கும் பாதை அக்கருவியின் தேவைகளுள் சேர்க்கப்படவில்லை. அப்பாதையைக் கொண்டு அது சோதிக்கப்படவுமில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்னும் படிவத்தின்முன் அப்பிள்ளை என்ன செய்வான்? ஓரிடத்தில் தலைப்பெழுத்தை இடுவான். வேறோரிடத்தில் தந்தை பெயரை முழுமையாக எழுதுவான். பின்னர் இரு சான்றுகளும் ஒவ்வாமற்போய், உதவித்தொகைக்கோ கடவுச்சீட்டுக்கோ அலைவான். தலைப்பெழுத்து மட்டும் உள்ள ஒரே ஒரு பெயரைச் சோதனை நேர்வாக எழுதியிருந்தால், அக்குறை அலுவலக மேசையிலேயே வெளிப்பட்டிருக்கும்.

எத்தனை நேர்வு எழுதினாலும் பிழையே இல்லை என்று நிறுவ இயலாது. தேடிய இடத்தில் பிழை இல்லை என்றே கூறலாம். ஆதலின் எங்கெங்கே தேடவேண்டும் என்பதைத் தேர்வதே இத்தொழிலின் அறிவு. இத்தொழிலில் இறங்கும் இளைஞர்கள், பட்டியலை எடுத்தவுடன் ‘இதில் யாரை மறந்தோம்?’ என்று முதலில் கேட்பார்களாக.