டிராப்பிஸ்ட் துறவியரின் பீர்

பீரைப் பற்றி ஒரு குடும்ப இதழில், அதுவும் பங்குக் குரு ஒருவர், எழுதுவது முறையாகுமா என்று நம் வாசக நேயர்களுள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்கள் தயக்கம் நியாயமானதே. குடியால் நிலைகுலைந்த இல்லங்களை நான் அறியாதவன் அல்லேன். வாரக் கூலி வீடு வந்து சேராத சனிக்கிழமை இரவுகளில் என் கதவைத் தட்டிய தாய்மார்கள் பலர். ஆகவே குடிக்கு வக்காலத்து வாங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடிக்கு அடிமையாகி மீண்ட ஒருவர் இங்கே சொல்லப்படும் எதையும் நாவில் படவிடலாகாது என்பதையும் முதலிலேயே கூறிவிடுகிறேன். எனினும் பெல்ஜியம் நாட்டில் நம் திருச்சபையின் துறவியர் சிலர் தம் மடங்களின் சுவர்களுக்குள்ளேயே பீர் தயாரித்து வருகின்றனர். அவை உலகின் மிகச் சிறந்த பீர்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. ஒரு மடத்தின் பீர் மற்றொன்றின் பீரினின்று எங்ஙனம் வேறுபடுகிறது, அவ்வேறுபாட்டில் துறவறத்துக்குப் பங்குண்டா என்பதை ஆராய்வது பயனற்ற வேலையாகாது என எண்ணுகிறேன்.

துறவி எதற்காகப் பீர் தயாரிக்க வேண்டும்? விடை புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கில் இருக்கிறது. துறவியர் பிறர் கையை எதிர்பாராது தம் கையுழைப்பால் வாழவேண்டும் என்பது அவர் விதித்த நெறி. அவ்வொழுங்கை அதன் பழைய கடுமையோடு கடைப்பிடிக்க 1098-ஆம் ஆண்டில் பிரான்சின் சீத்தோவில் தோன்றியது சிஸ்டெர்சியன் சபை. 1664-இல் நார்மண்டியிலுள்ள லா டிராப் மடத்தில் மடாதிபதி டி ரான்சே மேற்கொண்ட சீர்திருத்தத்தினின்று டிராப்பிஸ்ட் என்னும் பெயர் வந்தது. மௌனம், செபம், உழைப்பு இவையே அவர்களது நாள். திராட்சை செழித்து விளையாத வட நாடுகளில் பார்லி விளைந்தது. ஆகவே மேசைக்குத் திராட்சை இரசத்துக்குப் பதிலாகப் பீர் வந்தது. துறவிகளைத் திராட்சை இரசமே கூடாதென்று இணங்கச் செய்ய இயலாத காலமிது, மிதமாகவேனும் அருந்தட்டும் என்று ஆசீர்வாதப்பரே சற்றுச் சலிப்போடு அளவு குறித்திருப்பது படிப்பவரைப் புன்னகை செய்ய வைக்கும்.

பீரின் சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிந்தால்தான் ஒப்பிட முடியும். பார்லியை நனைத்து முளைகட்டி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைகட்டிய கேழ்வரகின் இனிப்பை அறிந்த நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மால்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்பு நீரோடு, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைப்பர். கசப்பும் மணமும் அப்பூக்களின் கொடை. பின் ஈஸ்ட் சேர்ப்பர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் தானே கள்ளாவதைப் பனங்காட்டார் அறிவர். அங்கே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் செய்வதை இங்கே தேர்ந்து வளர்த்த ஈஸ்ட் செய்கிறது. பெல்ஜிய ஈஸ்ட் வகைகள் வெதுவெதுப்பான சூட்டில் வேலை செய்பவை. அப்போது அவை மதுசாரத்தோடு வாழைப்பழம், கிராம்பு, மிளகு போன்ற மணங்களையும் பிறப்பிக்கின்றன. பழத்தையோ கிராம்பையோ எவரும் போடுவதில்லை. முதன்முறை அருந்துபவர் இதை நம்ப மறுப்பார். குப்பியில் அடைக்கும்போது சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் மீண்டும் சேர்த்து வெப்பமான அறையில் சில வாரம் வைப்பதால், குப்பிக்குள்ளேயே மற்றொரு முறை நொதித்தல் நிகழ்கிறது. அடியில் தங்கும் வண்டல் அதன் அடையாளம். ஊற்றும்போது இறுதி ஒரு விரற்கடையைக் குப்பியிலேயே விட்டுவிடுவது வழக்கம்.

1990-களின் இறுதியில் மேற்படிப்புக்காக லூவன் நகரில் தங்கியிருந்த நாட்களில், அந்நாட்டு மக்கள் பீரை அருந்தும் முறையே எனக்கு முதற் பாடமாயிற்று. ஒவ்வொரு பீருக்கும் அதற்கெனத் தனிக் கிண்ணம் உண்டு. மடத்துப் பீர்களின் கிண்ணம் திருக்கிண்ணத்தை நினைவூட்டும் வடிவினது. முதலில் நிறம், பின் நுரை, பின் மணம். நாவின் முறை அதன் பிறகுதான். பனிக்கட்டி போற் குளிர்ந்திருந்தால் மணம் எழாது என்பதால் மிதமான குளிர்ச்சியிலேயே பரிமாறுவர். 33 சென்டிலிட்டர் குப்பி ஒன்றுக்கு ஒரு மணி நேரம் செலவிடுவோரைக் கண்டிருக்கிறேன். கள்ளுக்கடையையும் சாராயக் கடையையும் மட்டுமே கண்டு வளர்ந்த எனக்கு, போதை எவருடைய நோக்கமாகவும் தோன்றாத அம்மேசைகள் புதுமையாயிருந்தன. அதற்காக எச்சரிக்கையைக் கைவிட முடியாது. ரோஷ்ஃபோர் மடத்தின் '10' என்னும் பீரில் மதுசாரம் 11.3 விழுக்காடு, சாதாரணப் பீர் இரண்டு குப்பிக்கு மேல் அவ்வொரு குப்பியில் அடங்கியிருக்கிறது. இத்தகைய வன்மைக்கு ஒரு சட்டமும் காரணம் என்பர். 1919-இல் வந்த வாண்டர்வெல்டே சட்டம் மதுக்கடைகளில் சாராய வகைகளை விற்பதைத் தடுத்தது. கடுமையான பானம் வேண்டியோர் வன்மையான பீரை நாடினர்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஆண்ட்வெர்ப் அருகிலுள்ள வெஸ்ட்மாலே மடத்தில் 1836 முதல் பீர் தயாராகிறது. இதன் 'டுப்பெல்' கருஞ்செம்மை நிறம், 7 விழுக்காடு. கருக வைத்த சர்க்கரையால் பேரீச்சையும் உலர்திராட்சையும் நம் கருப்பட்டியும் கலந்தாற்போன்ற மணம். 'டிரிப்பெல்' என்பது பொன்னிறம், 9.5 விழுக்காடு, பார்வைக்கு எளிய பீர் போலிருந்து, ஆரஞ்சுத் தோலும் மிளகுமாக எழுந்து, உலர்ந்த கசப்பில் முடியும். இன்று உலகில் டிரிப்பெல் என்னும் பெயரில் வரும் பீர்களெல்லாம் 1934-இல் இம்மடம் வெளியிட்ட அதைப் பின்பற்றியவையே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அருந்தினால், ஒரே மடம், ஒரே ஈஸ்ட், ஆயினும் எத்துணை மாற்றம் விளைகிறது என்பது புலனாகும். ஸ்கூர்மோன் மடத்தின் ஷிமே பீர் நம் நாட்டவரும் கேள்விப்பட்ட ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் ஈஸ்டைப் பிரித்தெடுத்தவர் அருட்தந்தை தியோடோர் என்னும் துறவி. அவருக்குத் துணைநின்ற லூவன் பேராசிரியர் ஜான் டி கிளெர்க், பொதுநிலையினராயினும், அம்மடத்து வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

என் தனி விருப்பம் ஓர்வால். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793-இல் தீக்கிரையாகி, நூறாண்டுக்கு மேல் இடிபாடாய்க் கிடந்த மடம் அது. 1926-இல் மறுகட்டுமானம் தொடங்கிற்று. அதற்குப் பணம் தேடவே 1931-இல் பீர் ஆலை அமைத்தனர். கோவிலை வடிவமைத்த சிற்பி ஆன்றி வாஸ் என்பவரே பீர்க் கிண்ணத்தையும் வடிவமைத்தார். நீரூற்றில் விழுந்த மோதிரத்தை மீன் ஒன்று வாயிற் கவ்வி வந்து கோமகள் மட்டில்டாவிடம் சேர்த்தது என்னும் மரபுக் கதை குப்பியின் மேல் சித்திரமாயிருக்கிறது. விற்பனைக்கு வருவது இந்த ஒரே வகை. முதிரும் கட்டத்தில் ஹாப்ஸ் பூக்களை மீண்டும் ஊறவைப்பதோடு, 'பிரெட்டனோமைசஸ்' என்னும் காட்டு ஈஸ்டையும் சேர்க்கின்றனர். இது மெல்ல, விடாது வேலை செய்யும் இயல்பினது. ஆகவே ஓர்வால் ஒரு சுவையில் நிற்பதில்லை. புதிய குப்பியில் பூவின் மணமும் கூர்மையான கசப்பும் மேலோங்கும். ஓராண்டு சென்றபின் அக்கசப்புத் தணிந்து, இனிப்பு முற்றும் வற்றி, பதனிட்ட தோலையும் வைக்கோற் போரையும் நினைவூட்டும் வாசனை எழும். விவரித்தால் வெறுப்பாயிருக்கும், அருந்தினால் அப்படியிராது. சில விடுதிகளில் 'இளையதா, முதியதா' என்று கேட்டே தருவர். மடத்துத் துறவிகள் தம் மேசைக்கு வைத்துக்கொள்வதோ மிக மெல்லிய, 3.5 விழுக்காட்டுப் பீர்.

ரோஷ்ஃபோர் மடத்தின் பீர்கள் பெரும்பாலும் கருமையானவை. '10' அத்திப்பழம், சாக்லேட், கருப்பட்டிப் பாகு என அடுக்கடுக்காய் விரியும். அதன் உயிர் திரிதேன் என்னும் நீரூற்று. அருகிலிருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஆழப்படுத்தப்பட்டால் ஊற்றின் தன்மை கெடும் என்று மடத்தார் பல்லாண்டு வழக்காடினர். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மடத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்னும் சிற்றூரிலுள்ள புனித சிக்ஸ்துஸ் மடத்தின் '12' பற்றியே பேச்சு அதிகம். 2005-இல் பீர் ஆர்வலர்கள் இதனை உலகில் முதலிடத்தில் வைத்தபோது மடத்து வாயிலில் கார்கள் வரிசை கட்டின. துறவியரின் அமைதி குலைந்தது. வேறெவராயினும் ஆலையைப் பெருக்கியிருப்பர். இவர்கள் பெருக்கவில்லை. முன்பதிவு செய்தவருக்கு மட்டும், அளவோடு, மறுவிற்பனை கூடாதென்ற நிபந்தனையில் தந்தனர். வாழ்வதற்காகப் பீர், பீருக்காக வாழ்வன்று என்பது அவர்கள் கொள்கை. மடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்ட 2012-இல் மட்டும் வெளிநாடுகளுக்கு ஒருமுறை விற்றனர்.

இங்கே ஒரு சுவையான சோதனை இருக்கிறது. 1946 முதல் 1992 வரை இம்மடத்தின் உரிமம் பெற்று வாத்தூ என்னும் ஊரில் ஒரு தனியார் ஆலை இதே பீரைத் தயாரித்தது. உரிமம் முடிந்தபின்னும் அவ்வாலை செயின்ட் பெர்னார்டுஸ் என்ற பெயரில் தன் '12'-ஐத் தொடர்கிறது. மடமோ வெஸ்ட்மாலேயின் ஈஸ்டைப் பயன்படுத்துகிறது. இரண்டையும் பெயர் மறைத்து வைத்தால் தேர்ந்தவர்களே தடுமாறுவர். தனியார் பீரே மேலென்பாரும் உண்டு. நாவு செபத்தைச் சுவைப்பதில்லை. நீர், ஈஸ்ட், சர்க்கரை, காலம் இவற்றையே அது அறியும்.

அங்ஙனமாயின் டிராப்பிஸ்ட் என்னும் பெயருக்குப் பொருள் என்ன? 1997-இல் மடங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து, அறுகோண முத்திரை ஒன்றை ஏற்படுத்தின. முத்திரைக்கு நிபந்தனைகள் மூன்று: மடத்தின் எல்லைக்குள், துறவியராலோ அவர்தம் மேற்பார்வையிலோ தயாரிக்கப்பட வேண்டும், துறவற வாழ்வுக்குத் தொழில் கீழ்ப்பட்டிருக்க வேண்டும், வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்குமே செல்லவேண்டும். சுவையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்பதற்கே அம்முத்திரை சான்று. 'மடத்துப் பீர்' என்னும் பொதுப் பெயரில் பெரும் நிறுவனங்கள் விற்பவை வேறு.

டச்சு எல்லையிலுள்ள ஆக்கெல் மடத்தின் கதை இதனைத் தெளிவாக்கும். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் அதன் செப்புக் கொப்பரைகளைப் பெயர்த்துச் சென்றனர். எண்பதாண்டுக்குப் பின், 1998-இல், பிற மடத்துத் துறவியரின் உதவியோடு மீண்டும் பீர் ஊறிற்று. அழைத்தல்கள் குறைந்தன; இருந்தோர் முதுமையடைந்தனர்; இறுதித் துறவியரும் வேறு மடம் புகுந்தனர். கொப்பரை மாறவில்லை, செய்முறை மாறவில்லை. ஆயினும் 2021-இல் அறுகோண முத்திரை அகற்றப்பட்டது. 2023-இல் வளாகம் தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டது. அமெரிக்காவில் டிராப்பிஸ்ட் பீர் தயாரித்த ஒரே மடமான ஸ்பென்சர், பத்தாண்டு நிறையுமுன் 2022-இல் அத்தொழிலை நிறுத்திற்று. பெல்ஜிய நாட்டின் பீர் மரபை யுனெஸ்கோ 2016-இல் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வமெனப் பட்டியலிட்டது. அப்போது அந்நாட்டில் முத்திரை தாங்கிய மடங்கள் ஆறு. இன்று ஐந்து.