வீட்டுப் பட்டறையில் ஒரு பந்தயக் கார்: நோயும் மருந்தும்

பந்தயக் கார் என்றதும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் கோடிக்கணக்கான பணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழகத்துப் பந்தயக் கார்களின் வரலாற்றில் பெரும்பகுதி உள்ளூர்ப் பட்டறைகளில் உருவானதே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுபாதையில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. சாலையில் ஓடும் கார்களைப் பிரித்துத் திருத்தியே பலர் அங்கு வந்தனர்.

அவ்வழியில் தலைசிறந்தவர் கோவை கரிவரதன். மாருதி 800 காரின் 796 கன செ.மீ. மூன்று சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே பொருத்தி, ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை வடிவமைத்தார். அதுவே ‘ஃபார்முலா மாருதி’. உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும் என்பதுதான் அதன் பெருமை. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா மாருதியில் பழகியவரே. கரிவரதன் 1995-இல் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய கார் முதல் நாளே ஒழுங்காக ஓடிவிடாது. அதன் நோயைக் கண்டறிவது எப்படி?

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மந்தாரக்குப்பத்து மோட்டார் சைக்கிள் பட்டறையில் நாம் அன்றாடம் காணும் காட்சிதான் இது. முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, வெப்பம் அதிகம். கவனிக்காவிட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

அடுத்து டயர். ஓடி நின்றவுடன் அதன் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்றிடத்தும் வெப்பநிலையை அளப்பார்கள். நடுப்பகுதி மட்டும் சூடானால் காற்று அதிகம். இரு விளிம்புகளும் சூடானால் காற்று போதாது. உள்விளிம்பு மட்டும் மிகவும் கொதித்தால் சக்கரத்தின் மேற்புறம் உள்நோக்கி அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். டயர் பொய் சொல்வதில்லை. ஓட்டுபவர்தான் சில வேளை சொல்வார்!

வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் கார் திரும்ப மறுத்து நேரே போகும். பின்சக்கரம் வழுக்கினால் வால் சுழன்றுவிடும். சுமை இரு மடங்கானால் டயரின் பிடிப்பு இரு மடங்கு ஆவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடும். நம் பாடப்புத்தகத்து உராய்வு விதி ரப்பரிடம் முழுதும் செல்லாது. ஆகவே முன்புற ஸ்பிரிங் கடினமாயிருந்தால், வளைவில் முன்புறத்து வெளிச்சக்கரம் மிகுந்த சுமையேற்று, முன்புறப் பிடிப்பு மொத்தத்தில் குறைகிறது. கார் திரும்ப மறுத்தால் முன் ஸ்பிரிங்கைத் தளர்த்து, அல்லது பின்னதை இறுக்கு என்பது இதனால்தான்.

இரண்டையும் ஒருசேரச் செய்யலாகாது. சுரங்கப் பட்டறையில் பிட்டராக இருக்கும் என் தந்தை பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை என்பது அவர் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் எங்கள் விரிவுரையாளர் வலியுறுத்துவதும் அதையேதான்.

எனக்கு மிகவும் பிடித்த நோய் ஒன்றுண்டு: நேர்ப்பாதையில் நன்றாக ஓடும் கார், நீண்ட வளைவில் மட்டும் இருமி நிற்கும். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் தீராது. கணக்குப் போடுவோம். மணிக்கு 72 கி.மீ. என்பது நொடிக்கு 20 மீட்டர். வளைவின் ஆரம் 50 மீட்டரானால், முடுக்கம் 400-ஐ 50-ஆல் வகுக்க 8. புவியீர்ப்பு முடுக்கத்தை ஏறக்குறைய 10 என்று கொண்டால், தொட்டியில் பெட்ரோலின் மேற்பரப்பு சுமார் 39 பாகை சாய்கிறது! பாதி காலியான தொட்டியில் உறிஞ்சு குழாயின் வாய் வெறுங்காற்றில் நிற்கும். எண்ணெய்த் தொட்டியிலும் இதே நிலைதான். அங்கே இருமலோடு போகாது, பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். மருந்து எளிது: தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்தால், திரவம் ஒரேயடியாக ஒரு பக்கம் பாயாது. பெட்ரோல் இருந்த தொட்டியைப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவது. உள்ளே மிஞ்சிய ஆவியே வெடித்துவிடும். எனவே தகடுகளைத் தொட்டி செய்யும்போதே, பெட்ரோல் ஊற்றுமுன் வைத்துவிட வேண்டும்.