கருங்கரடி இடம் பார்க்கிறது

ஆர்க்டிக் பனிப்பரப்பில் ஆண் துருவக்கரடி குளிர்காலம் முழுக்க விழித்துத் திரிகிறது. அதைவிடக் குளிர் குறைந்த மின்னசோட்டா மாநிலத்துக் காட்டில் கருங்கரடி ஆறு மாதம் சுருண்டு படுத்துவிடுகிறது. காரணம் சாப்பாடு. துருவக்கரடிக்குக் குளிர்காலத்திலும் சீல் கிடைக்கும். கருங்கரடி நம்பியிருக்கும் பழமும் கொட்டையும் தளிரும் எறும்பும் இலையுதிர்காலத்தோடு தீர்ந்துபோகும். நம் முதுமலைக் கரடிக்கு இந்தச் சிக்கலே இல்லை. கறையானும் பழமும் ஆண்டு முழுக்கக் கிடைப்பதால் அது குளிர் உறக்கம் கொள்வதில்லை; குட்டி போடும் தாய் மட்டும் சில மாதம் குகையில் ஒதுங்கும்.

படுக்கப் போகும் கருங்கரடி எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிவிட்டு, பனி மூடிய காட்டில் அதன் சமிக்ஞையைத் தேடி நடப்பதுதான் வழி. அப்படிப் போய்ப் பார்த்தால், படக்கதைகளில் வருகிற விசாலமான கற்குகை அபூர்வமாகத்தான் தென்படுகிறது. காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடி, பாறை இடுக்கு, தானே தோண்டிய வளை, மரம் வெட்டியவர்கள் விட்டுப்போன கிளைக்குவியல், உயரத்தில் ஒரு மரப்பொந்து என்று கையில் கிடைத்ததெல்லாம் படுக்கை ஆகிறது. பெரிய ஆண் கரடிகளில் சில, திறந்த வெளியில் புல்லையும் இலையையும் குவித்து அதன்மேலேயே படுத்துவிடும். விழுகிற பனி அதற்குக் கம்பளியாகிவிடுகிறது.

இதில் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. தரை அணில் போன்ற விலங்குகள் உறங்கும்போது உடல் வெப்பம் உறைநிலை அருகே இறங்கும். கரடிக்கு அப்படி இல்லை. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஓய்விந்த் தொயேனும் குழுவினரும் கருங்கரடிகளைச் செயற்கைப் பொந்துகளில் படுக்கவைத்து அளந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளர்சிதை மாற்றம் வழக்கத்தில் கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 55 முறை துடித்த இதயம் 14 முறைதான் துடிக்கிறது. உடல் வெப்பமோ 30 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே இருக்கிறது. உண்ணாமல், குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல், சேமித்த கொழுப்பை மட்டும் எரித்து அந்தச் சூட்டைக் காப்பாற்ற வேண்டும். வெளியே கசியும் ஒவ்வொரு துளி வெப்பமும் கொழுப்பில் கைவைக்கிறது.

ஆகவே பெரிய இடம் கரடிக்கு ஆகாது. உடம்பைத் திணித்து நுழையும் அளவுக்கு வாசல், சுருண்டு படுக்கும் அளவுக்கு உள்ளிடம், அவ்வளவுதான் தேடுகிறது. அறையைச் சூடேற்றும் எண்ணமே அதற்குக் கிடையாது. வெளியே கடுங்குளிர் அடிக்கும்போது வளைக்குள்ளும் உறைநிலைக்குக் கீழே போவதுண்டு. அடர்ந்த முடி உள்ள முதுகைக் குளிருக்குக் காட்டி, முடி குறைந்த வயிற்றையும் முகத்தையும் உள்ளே மடக்கிப் பந்தாகிவிடுகிறது. அடியில் படுக்கை வேண்டும். அதற்காகச் சுற்றியுள்ள காய்ந்த இலை, புல், மரப்பட்டை, ஊசியிலைக் கொம்பு எல்லாவற்றையும் முன்காலால் வாரி, பின்பக்கமாக நகர்ந்தபடியே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இலையுதிர்காலத்தில் ஒரு வளையின் வாசலைச் சுற்றித் தரை மட்டும் பெருக்கினாற்போல் வெறுமையாகக் கிடந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். பனி விழுந்தபின் வாசலே மறைந்துவிடும். உள்ளிருந்து வரும் மூச்சு பனியில் சிறு துளை போட்டு, அதன் விளிம்பில் உறைபனிப் படிகங்களாக ஒட்டியிருக்கும். அதுவே அடையாளம்.

இடம் பார்ப்பதில் மிகுந்த கவனம் கர்ப்பிணிக்குத்தான். முதலில் படுக்கப் போகிறவளும் பெரும்பாலும் அவள்தான். வளர்ந்த ஆண்கள் கடைசியில் போகும். கோடையில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. நவம்பர் வாக்கில்தான் பதியும். அதுவும் தாயின் உடம்பில் போதிய கொழுப்பு சேர்ந்திருந்தால் மட்டுமே. ஜனவரியில் பிறக்கும் குட்டி கால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கண் திறந்திராது, முடியும் சொற்பம். தாய் உறக்கமும் விழிப்புமாக நக்கிக் கொடுப்பாள், பால் கொடுப்பாள், தன் மூச்சாலும் உடம்பாலும் சூடேற்றுவாள். குட்டிகளுக்குக் குளிர் உறக்கம் கிடையாது. பால் குடிக்கும்போது அவை ஓயாமல் ஒரு முரலல் ஒலி எழுப்பும். வளைக்கு வெளியே நின்று அதைக் கேட்டே குட்டி இருப்பதை அறிந்துகொள்ளலாம். 2010 ஜனவரி 22 அன்று, மின்னசோட்டாவின் ஈலி நகருக்கு அருகே லிலி என்ற கரடி குட்டி ஈன்றதை ஆய்வாளர் லின் ரோஜர்ஸ் குழுவினரின் கேமரா இணையத்தில் நேரலையாகக் காட்டியது. இயற்கையில் மனிதக் கண்ணுக்கு அகப்படாத ஒரு பிறப்பை அவ்வளவு பேர் ஒருசேரப் பார்த்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

குட்டிகளோடு மூன்று மாதம் இப்படிக் கிடக்கிற தாய்க்கு வாசல் வழியே வரும் ஆபத்துகள் நிஜமானவை. வடகிழக்கு மின்னசோட்டாவில் ஓநாய்க் கூட்டம் ஒன்று வளையிலிருந்த தாயையும் பிறந்த குட்டிகளையும் கொன்றதை ரோஜர்ஸும் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக்கும் 1981இல் பதிவு செய்தார்கள். மனிதர் நடமாட்டமோ நாய்களோ தொந்தரவு செய்தால் தாய் எழுந்து வேறிடம் ஓடவும் கூடும். அப்போது குட்டிகள் குளிரில் இறந்துவிடலாம். ஒருமுறை படுத்த இடத்துக்கே அடுத்த ஆண்டும் திரும்புவது அரிது என்பதால், காட்டில் நல்ல இடங்கள் ஏராளமாக இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் முதிய மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. டென்னசியின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் மைக்கேல் பெல்ட்டனும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தபோது, பல கரடிகள் தரையிலிருந்து பத்து மீட்டருக்கும் மேலே மரப்பொந்துகளில் படுத்திருப்பதைக் கண்டார்கள். புயலில் பெருங்கிளை முறியும். முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சை உள்மரத்தைத் தின்னும். பல பத்தாண்டு கழித்து ஒரு கரடி இறங்கும் அளவுக்குக் கூடு உண்டாகும். உள்ளே உலர்ந்திருக்கும், காற்றடிக்காது, நாய் ஏற முடியாது. இளமரக் காட்டில் இதற்கு வாய்ப்பே இல்லை. தேசியப் பூங்கா ஆவதற்கு முன் அந்த மலைக்காடுகளின் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. வெட்டுக்குத் தப்பிய பகுதிகளில்தான் இத்தகைய மரங்கள் அதிகம்.

லூசியானாவின் ஆற்றுச் சதுப்புகளில் மரப்பொந்து கிடைப்பது உயிர்ப் பிரச்சினை. குளிர்காலத்தின் இறுதியில் வெள்ளம் ஏறினால் தரையில் இருக்கும் குட்டிகள் மூழ்கிவிடும். 1992இல் லூசியானா கருங்கரடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தபோது, அமெரிக்க அரசு மரங்களையும் சேர்த்துக் காத்தது. நீர்நிலையை ஒட்டி, மார்பு உயரத்தில் 36 அங்குலம் அல்லது அதற்கு மேல் விட்டமும் கண்ணுக்குத் தெரியும் பொந்தும் உள்ள சைப்ரஸ், டூப்பெலோ மரங்களை வெட்டக் கூடாது என்றது விதி. கரடி அப்போது இல்லாவிட்டாலும், வரக்கூடிய மரம் என்பதே போதுமாக இருந்தது. இவ்வளவு நுட்பமான விதியை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. கரடிகள் பெருகி, 2016இல் அந்த இனம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

காட்டில் இடம் குறையும் ஊர்களில் கரடி வீட்டுக்கடியில் நுழைகிறது. கலிபோர்னியாவின் டாஹோ ஏரிக்கரையில் மரவீடுகளின் தரைக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளி, அளவாலும் இருட்டாலும் கரடி தேடுவதை அப்படியே கொடுக்கிறது. குப்பைத்தொட்டியில் உணவு கிடைக்கும் இடங்களில் உறக்கமே சுருங்குகிறது. கொலராடோவின் டுராங்கோ பகுதியில் ஹெதர் ஜான்சனும் குழுவினரும் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, குளிர்காலத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கரடியின் உறக்கம் ஏறத்தாழ 6 நாள் குறைகிறது. மனித உணவைத் தேடிப் பழகிய கரடிகளும் குறைவாகவே உறங்குகின்றன. விழித்திருக்கும் நாள் கூடினால் சாலையில் அடிபடவும் சுடப்படவும் வாய்ப்பும் கூடும். குப்பைத்தொட்டிக்குக் கரடி திறக்க முடியாத மூடி போடுவதும், கோடையிலேயே, கரடி வெளியே இருக்கும்போதே, வீட்டடித் திறப்பை வலுவாக அடைப்பதும் அங்கே செய்யக்கூடியவை. அதற்குள் தாய் குட்டிகளோடு படுத்துவிட்டாள் என்றால், அவள் தானாக எழுந்து போகும் வசந்தம் வரை விட்டுவைப்பதே குட்டிகளுக்குப் பாதுகாப்பு.