கறி மேல பழி போடாதீங்க... நெஞ்சு எரியக் காரணம் கிளாஸ்ல இருக்கலாம்!

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்து களைகட்டும். ஒரு பக்கம் அண்டா அண்டாவாக ஆட்டுக்கறி கொதிக்கும். இன்னொரு பக்கம் மொய் எழுதுகிற இடத்தில் கூட்டம் நெருக்கும். வயிறார சாப்பிட்டு வீடு திரும்பிய இரவில், சில வீடுகளில் ஒரு புலம்பல் கேட்கும். ''நெஞ்செல்லாம் எரியுது... கறியில மசாலா தூக்கல்போல!''

பந்தலுக்குள் நுழையும் முன்பு நண்பர்களோடு ஒதுங்கி 'ரெண்டு ரவுண்டு' போட்ட கதை மட்டும் பேச்சில் வராது.

கறிக்கும் மசாலாவுக்கும் இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், அமிலம் மேலே ஏற வழிவிடுவதில் மதுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

வழிவிடும் தசை

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறக்கும். இறங்கியதும் இறுக மூடிக்கொள்ளும். இரைப்பையின் உள்ளே சுரக்கும் அமிலத்தைத் தாங்க, இரைப்பைச் சுவருக்குத் தடித்த சளிப்படலம் கவசமாக இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குக் கவசம் கிடையாது. அதனால்தான் அமிலம் மேலே ஏறினால் எரிகிறது.

மது இந்தத் தசையைத் தளர்த்துகிறது. மேலே வந்த அமிலத்தை மறுபடி கீழே தள்ளும் உணவுக்குழாயின் அசைவையும் மந்தமாக்குகிறது. தண்ணீர் கலக்காமல் 'ராவாக' குடித்தால் உட்சுவரே புண்ணாகலாம். சோடா கலந்தால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். கூடவே சிகரெட் என்றால் தசை இன்னும் தளரும். இதற்கு மேல் கொழுப்பான கறி சேரும்போது, இரைப்பை காலியாக அதிக நேரம் பிடிக்கும். அந்த நிலையில் மல்லாந்து படுத்தால், அமிலம் தொண்டை வரை வருவதில் ஆச்சர்யம் என்ன?

'பீர்தானே, ஒண்ணும் பண்ணாது' என்பதும் தவறு. அமிலச் சுரப்பைத் தூண்டுவதில் விஸ்கி, பிராந்தியைவிட பீரும் ஒயினும்தான் முன்னால் நிற்கின்றன.

மாத்திரை இருக்கே என்ற தைரியம்

மெடிக்கலில் வாங்கும் கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். தளர்ந்த தசையை இறுக்காது. எரிச்சல் அடங்கிவிடுவதால், குடிப்பது மட்டும் தொடரும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடினால் உணவுக்குழாயில் புண் வரலாம். தழும்பாகி வழி குறுகலாம். சிலருக்கு அங்குள்ள செல்களே மாறி, புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும்.

நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கும் மது ஆபத்துதான். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது நேரடிக் காரணங்களில் ஒன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது.

'கேஸ்தான்' என்று படுத்துவிடாதீர்கள்

வீட்டில் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நெஞ்சை அழுத்துவதுபோல வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சோடாவும் சீரகத் தண்ணீரும் கொடுத்து நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி லேசாகத் தெரியலாம் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

விழுங்கும்போது உணவு சிக்குவது, ரத்த வாந்தி, கறுத்த மலம், காரணமின்றி எடை குறைவது... இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நெஞ்செரிச்சல் வந்தாலும் பரிசோதனை அவசியம்.

என்ன செய்யலாம்?

* இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

* கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி, தொந்தரவு கூடும்.

* இடது பக்கம் சாய்ந்து படுங்கள்.

* மதுவை விடுவதுதான் நல்லது. ஆனால், தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

எப்போதாவது குடிப்பவரா நீங்கள்? அடுத்த மொய் விருந்துக்கு, எங்கேயும் ஒதுங்காமல் நேராகப் பந்தலுக்குப் போய்ப் பாருங்கள். அதே கறி, அதே மசாலா. அன்றிரவு நெஞ்சு எரியவில்லை என்றால், காரணம் எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போதும் எரிந்தால், மறுநாள் மெடிக்கலுக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.