காலயந்திரம் தேவையில்லை

பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். சொல்லப்போவது கொஞ்சம் சுற்றல் கதை.

அமெரிக்க எழுத்தாளர் ஹாரி ஹாரிசன் 1967இல் ‘தி டெக்னிகலர் டைம் மெஷின்’ என்று ஒரு நாவல் எழுதினார். திவாலாகப்போகும் ஸ்டூடியோ. சில நாட்களுக்குள் வங்கிக்காரரிடம் ஒரு முழுப்படத்தைக் காட்டியாக வேண்டும். பார்னி ஹென்ட்ரிக்சன் என்ற தயாரிப்பாளர், ஒரு பேராசிரியரின் காலயந்திரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பதினோராம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறார். அங்கே செட் போடும் செலவில்லை. மாதக்கணக்காகப் படம்பிடித்தாலும் இங்கே அடுத்த திங்களுக்குள் வந்து நிற்கலாம். ஒட்டார் என்ற வைக்கிங் வீரன்தான் நாயகன், கூலி விஸ்கி.

வைக்கிங்குகள் அமெரிக்காவில் குடியேறியதைப் படமாக்கத்தான் போனார்கள். குடியேற்றம் நடந்ததோ, படத்துக்காக இவர்களே ஒட்டாரைக் கடல்தாண்டிக் கூட்டிப்போனதால். பழைய கதைகள் புகழும் குடியேற்றத் தலைவனே அவன்தான் என்பது பிறகு தெரிகிறது. வரலாறு நடந்ததால் படம். படம் எடுத்ததால் வரலாறு. எது முதல் என்று கேட்காதீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, மொத்த வட்டத்துக்குத்தான் இல்லை.

‘இன்று நேற்று நாளை’ (2015) வேறு வகை. அதில் பழைய நாளில் ஏதோ இடறினால், செத்துப்போயிருக்க வேண்டிய ரவுடி இன்றைக்கு உயிரோடு திரிகிறான், நடந்ததே மாறிவிடுகிறது. பார்னியோ எதையும் மாற்றவில்லை. நடந்ததை நடத்திவைத்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் வரலாற்றை மாற்றுகிற தயாரிப்பாளர் யார்? காலயந்திரம் இல்லாதவர்தான். ஒரு நாவல் படமான கதையைப் பாருங்கள். பி.எச். டேனியல் தமிழ்நாட்டு வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர். தொழிலாளருக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டவர். அங்கே கண்டதையும் கேட்டதையும் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் நாவலாக்கினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். அதைத் தழுவி 2013இல் பாலா தயாரித்து இயக்கிய ‘பரதேசி’ வந்தது. நாவலில் தொழிலாளருக்காக வாதாடும் வைத்தியரின் இடத்தில், படத்தில் ஆட்டம்பாட்டத்தோடு மதம் மாற்றும் வைத்தியர் ஒருவர் வருகிறார். புத்தகத்தைத் தொடாதவருக்குப் படத்தில் வரும் அந்த வைத்தியர்தான் வரலாறு.

வரலாற்றை மாற்ற இன்னொரு வழி, நடந்ததைக் காட்டாமலே விட்டுவிடுவது. 1940 மே மாதம், நம் ஊவாவிலேயே வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர் தாங்களே தேர்ந்தெடுத்த சபை ஒன்றை அமைத்தார்கள். அதைக் கலந்தே நிர்வாகம் செய்வதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆயுதத்தோடு வந்த பொலிஸாரின் ஆயுதத்தையே பறித்தார்கள். கடைசியில் பொலிஸ் அடக்குமுறையால் போராட்டம் ஒடுங்கியது. வெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்ததும் அடக்கியவர்களுக்கே தோதாயிற்று. தோட்டம் என்றாலே அழுகிற லயத்தை மட்டும் காட்டும் படத்தில், துவக்கைப் பறித்த கைக்கு இடமிருக்காது.

நமுனுகுல பக்கத்தில், அப்பா அம்மாவிடம் அந்த வேவெஸ்ஸப் போராட்டக் கதையைக் கேட்டு வளர்ந்த வயதானவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒருவர் கெமராவோடு வந்து வேறுவிதமாகச் சொன்னால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஆதாரம் இருக்க வேண்டும்.